சாவிக் கொத்து யார் இடுப்பில்?



"உன் தொழிலைப் பற்றி ஏதாவது எழுது, ஆனால் சிவில், மெக்கானிக்கல் ஆட்களும் கடைசி வரை படிக்கிற மாதிரி எழுது" என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நான் 2010-ல் நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவன். இன்று ஒரு பெரிய நிறுவனத்தில் சாவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரும்புச் சாவி அல்ல. எங்கோ தொலைவில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்ய, நாம் இன்னார்தான் என்று நிரூபிக்கிற எண்-சாவி. ஊரில் யாராவது "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால், "சாவிக்காரன்" என்று சொல்லிவிடுகிறேன். வேறு எப்படிச் சொன்னாலும் அரை மணி நேரம் ஆகும்.

இந்தச் சாவிகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை. நல்ல பூட்டைச் செய்ய ஒரு கோடைக்காலம் போதுமானதாக இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போது திரும்ப வாங்குவது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் வருஷக்கணக்கில் ஆயிற்று. இத்தனைக்கும் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருந்தது, அதுவும் நம்மைப் போல ஒரு மாணவரின் கையால்.

பூட்டில்லாத காலம்

1969-ல் அமெரிக்காவில் நான்கே கம்ப்யூட்டர்களை இணைத்து அர்ப்பாநெட் தொடங்கியது. அப்போதே, ஓர் ஊரில் உட்கார்ந்து இன்னோர் ஊர்க் கம்ப்யூட்டரை இயக்குவதற்கு டெல்நெட் என்ற முறை உருவாக ஆரம்பித்துவிட்டது. நம் நெட்வொர்க் லேபில் நாங்களும் அதைத் தட்டியிருக்கிறோம். டெல்நெட்டில் நாம் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும், பாஸ்வேர்டு உள்பட, அப்படியே வெளிப்படையாகக் கம்பியில் போகும். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புவது மாதிரி. தபால்காரர் நல்லவராக இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை.

1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு ஆர்லாகின் வந்தது. இதில் பாஸ்வேர்டே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். "அந்த மெஷினிலிருந்து இன்ன பெயரில் வந்தால் நம்ம வீட்டுப் பையன்தான், உள்ளே விடு" என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் போதும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் இணையத்தில் விட்ட புழு பரவிய வழிகளில் இந்த வீட்டுப் பையன் நம்பிக்கையும் ஒன்று. அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள், அதில் மாட்டின என்று மதிப்பிட்டார்கள். 1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. கம்பியில் போகும் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டு, பல்லாயிரம் கம்ப்யூட்டர்களுக்கான நுழைவு விவரங்களைத் திருடர்கள் சேர்த்துவிட்டார்கள் என்றது. தபால்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

டோக்கன் கொடுக்கும் நாய்

இதற்கிடையில் எம்.ஐ.டி.யில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. (எம்.ஐ.டி. என்றதும் குரோம்பேட்டைக்குப் போய்விடாதீர்கள், இது மாசசூசெட்ஸ்.) அங்கே 1983-ல் டிஜிட்டல், ஐ.பி.எம். நிறுவனங்களின் உதவியோடு அதீனா என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம். அப்படியானால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று மற்ற கம்ப்யூட்டர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவர்கள் செய்ததுதான் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர்.

அதன் ஏற்பாடு நம் கேன்டீன் டோக்கன் மாதிரிதான். தோசைக் கவுன்ட்டரில் காசு வாங்க மாட்டார்கள், காபிக் கவுன்ட்டரிலும் வாங்க மாட்டார்கள். ஒரே ஒரு கல்லா. அங்கே ஒரு தடவை கணக்கைத் தீர்த்து டோக்கன் வாங்கிக்கொண்டால், மற்ற இடங்களில் டோக்கனைக் காட்டினால் போதும். கெர்பரோஸில் காலையில் ஒரு தடவை மையக் கம்ப்யூட்டரிடம் நம்மை நிரூபிக்கிறோம். பாஸ்வேர்டு கம்பியில் போகாமலே அதைச் செய்ய வழி உண்டு. கிடைக்கும் டோக்கன் எட்டு, பத்து மணி நேரம் செல்லும். அப்புறம் தானாகவே செத்துப்போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இது நல்ல ஏற்பாடுதான். இன்றும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் பெரிய அலுவலகங்களின் விண்டோஸ் லாகினுக்குள் இருப்பது கெர்பரோஸ்தான். ஆனால் அன்று அது ஊரெங்கும் பரவவில்லை. ஒவ்வொரு சர்வரையும் அதற்கென்று தயார்ப்படுத்த வேண்டும். எல்லோருடைய ரகசியமும் குடியிருக்கும் மையக் கம்ப்யூட்டரைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும். சங்கேத மென்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் வேறு குறுக்கே நின்றது.

பின்லாந்தில் ஒரு கோடை

1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு ஒட்டுக்கேட்பு நடந்தது. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு இலோனன் என்பவர் சும்மா இருக்கவில்லை. தாமே உட்கார்ந்து ஒரு புது நிரலை எழுதினார். செக்யூர் ஷெல், சுருக்கமாக எஸ்.எஸ்.ஹெச். ஜூலையில் அதை இலவசமாக வெளியிட்டார். ஃபைல்களை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு வாசல் எண் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஜூலை 10-ஆம் தேதி எழுதிக் கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். இன்று ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஆகும் நாட்களோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடலாம். அந்த வருஷக் கடைசிக்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு அதன் உரிம நிபந்தனைகள் இறுகிக்கொண்டே போக, ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் பழைய சுதந்திரப் பதிப்பிலிருந்து ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். செய்து 1999 டிசம்பரில் வெளியிட்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது அதுதான்.

எஸ்.எஸ்.ஹெச்.சில் பாஸ்வேர்டு இல்லாமல் சாவி கொண்டும் நுழையலாம். சாவி இரண்டு பாதி. ஒன்று ரகசியம், நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. இன்னொன்றுக்குப் "பொதுச் சாவி" என்று பெயர். ஆனால் அதைச் சாவி என்று நினைக்காமல் திண்டுக்கல் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். நம் பூட்டின் நகலை எந்த சர்வருக்கும் கொடுக்கலாம். திறக்கிற ரகசியம் நம் சட்டைப் பையில். சர்வரில் ஒரு கோப்பு இருக்கும், "ஆதரைஸ்டு கீஸ்" என்று பெயர். ஒருவருக்கு ஒரு வரி. தோட்டத்துக் கேட்டில் பங்காளிகள் ஆளுக்கொரு பூட்டைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருப்பார்களே, அதேதான். எந்தப் பூட்டைத் திறந்தாலும் கேட் திறந்துகொள்ளும்.

பத்து லட்சம் வரி

ஒரு வீட்டுக்கு இது அருமையான பூட்டு. ஒரு நிறுவனத்துக்கு? 200 எஞ்சினியர்கள், 5,000 சர்வர்கள் என்று வையுங்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் போக வேண்டுமானால் பத்து லட்சம் வரி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் 5,000 இடத்தில் அவர் வரியை அழிக்க வேண்டும். பழைய வடிவத்தில் அந்த வரிக்குக் காலாவதித் தேதி கிடையாது. யார் சேர்த்தது என்ற பதிவு கிடையாது. வரிக் கடைசியில் ஒரு குறிப்பு எழுதலாம். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. போதாததற்கு, இதில் பெரும்பங்கு மனிதர்களின் சாவியே அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கணக்கை அனுப்புகிற நிரல்களின் சாவி. அந்த நிரலை எழுதியவர் எப்போதோ போயிருப்பார்.

இது எவ்வளவு ஆபத்து என்று 2008-ல் தெரிந்தது. நான் அப்போது இரண்டாம் வருஷம். டெபியன் லினக்ஸில் 2006-ல் ஒரு மாற்றம் செய்யும்போது, சாவி தயாரிக்கும் பகுதியில் முக்கியமான ஒரு வரியை நீக்கிவிட்டார்கள். விளைவு, எண்ணவே முடியாத அளவு வகைகளில் உருவாக வேண்டிய சாவிகள், ஒவ்வோர் அளவுக்கும் வெறும் 32,767 வகைகளாகச் சுருங்கிவிட்டன. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கதவைத் திறந்துவிடலாம். 2008 மே 13-ஆம் தேதி அறிவிப்பும் வந்தது, திருத்தமும் வந்தது. நிரலைத் திருத்துவது சுலபம். ஏற்கெனவே செய்த சொத்தைச் சாவிகளை எந்தெந்த சர்வரில் ஒட்டி வைத்திருக்கிறோம் என்று தேடுவதுதான் கஷ்டம். ஏழு வருஷம் கழித்து, 2015-ல்கூட, கிட்ஹப் தளத்தில் பயனாளர்கள் பதிந்து வைத்திருந்த சாவிகளில் இந்தச் சொத்தைகள் அகப்பட்டன.

இலோனன் பின்னாளில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவருடைய நிறுவனம் வெளியிட்ட கணக்கு ஒன்று: ஒரு பெரிய நிறுவனத்தின் 15,000 சர்வர்களில் 30 லட்சம் சாவிகள். அதில் 90 சதவீதம் யாரும் பயன்படுத்தாதவை. 10 சதவீதம் சர்வரின் சர்வ அதிகாரத்தையும் கொடுப்பவை. 2015-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு எஸ்.எஸ்.ஹெச். சாவிகளை நிர்வகிப்பது பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. அதை எழுதியவர்களில் இலோனனும் ஒருவர். பூட்டைச் செய்தவரே இருபது வருஷம் கழித்துச் சாவிக் கணக்கு எழுத உட்கார வேண்டியதாயிற்று.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆடிட் வந்தபோது, இருக்கிற சாவிகளையெல்லாம் பட்டியல் போடும் வேலை என் குழுவுக்கு வந்தது. வரிக் கடைசிக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே போகையில் தெரிந்த பெயர் ஒன்று. நம் கல்லூரியில் எனக்கு நான்கு வருஷம் சீனியர். அந்த நிறுவனத்தை விட்டுப் போய் ஆறு வருஷம். பில்லிங் சர்வர்களில் அவர் சாவி இன்னும் உயிரோடு இருந்தது. போன் போட்டேன்.

"அண்ணே, உங்க சாவி இன்னும் எங்க கதவைத் திறக்குது."

முதலில் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "டேய், அது வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த சாவிடா. ராத்திரி வேலைக்காக வச்சிருந்தேன். அந்த மெஷினை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்து மூணு வருஷம் ஆச்சே!"

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் விடைபெற்ற நாளில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார்கள், பார்க்கிங் ஸ்டிக்கரைக்கூடக் கேட்டு வாங்கினார்கள். சாவியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, சாவியை உடனே எடுத்துவிடலாமா என்று கேட்டபோது வந்தது. "எடுக்காதே! மாதக் கடைசியில் ஓடும் ஏதோ ஒரு நிரல் அதே சாவியை உபயோகிக்கிறதோ என்னவோ" என்றார்கள். இரண்டு மாதம் பதிவேட்டைக் கண்காணித்து, யாரும் அதைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் எடுத்தோம். சாவி கொடுக்க இரண்டு நிமிஷம். எடுக்க இரண்டு மாதம். எங்கள் தொழிலின் மொத்தக் கஷ்டமும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கம்.

ஒரு மாணவரின் ப்ராஜெக்ட்

இனி, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த அந்தப் பதில். 1976-ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் பொதுச் சாவி என்ற கருத்தை வெளியிட்டபோது, எல்லோருடைய பொதுச் சாவியையும் டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு பொதுக் கோப்பில் வைக்கலாம் என்றார்கள். 1978-ல் எம்.ஐ.டி.யில் இளநிலைப் பட்டத்துக்காக ஆய்வேடு எழுதிய லாரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர், அதில் உள்ள சங்கடத்தைக் கவனித்தார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் டைரக்டரியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரே இடம் நெரிசலில் திணறும். அதற்குப் பதில், "இன்னாருடைய சாவி இதுதான்" என்று நம்பகமான ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அதை அவரவரே எடுத்துக்கொண்டு போகலாமே! அந்தக் காகிதத்துக்கு அவர் வைத்த பெயர் சான்றிதழ்.

நம் பஸ் பாஸ்தான் இது. கண்டக்டருக்கு நம்மைத் தெரியாது. நம் பெயர் அவரிடம் உள்ள எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் பார்ப்பது மூன்றுதான்: சீல் சரியா, எந்த ரூட், தேதி தாண்டிவிட்டதா. படிப்பை முடித்துப் போன மாணவரைத் தேடிப் பிடித்து யாரும் பாஸைப் பிடுங்க வேண்டியதில்லை. தேதி அதைப் பார்த்துக்கொள்ளும்.

இணையதளங்களுக்கு இந்தச் சான்றிதழ் 90-களிலேயே வந்துவிட்டது. தொலைதூர லாகினுக்கு, ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்.சின் 5.4 பதிப்பில், 2010 மார்ச்சில்தான் வந்தது. கோன்ஃபெல்டர் எழுதி 32 வருஷம் கழித்து! இந்த முறையில் ஒவ்வொரு சர்வரிலும் ஆயிரம் வரி வேண்டாம், ஒரே வரி போதும்: "இந்த அதிகாரியின் கையெழுத்து இருந்தால் நம்பு." எஞ்சினியர் காலையில் அலுவலக அடையாளத்தைக் காட்டினால், அவர் எந்த வகை சர்வர்களுக்குப் போகலாம், எத்தனை மணி வரை என்று எழுதி மையம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். சாயங்காலம் அது வெற்றுக் காகிதம். கெர்பரோஸ் டோக்கனை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

இடையில் இன்னொரு வழியும் வந்தது. 2013-ல் 6.2 பதிப்பு, யாராவது வாசலுக்கு வரும்போது சர்வர் மைய டைரக்டரியைக் கேட்டுக்கொள்ள வசதி செய்தது. தொலைந்த சாவிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றை நிராகரிக்கவும் வழி செய்தது. 2016-ல் பேஸ்புக் தன் சர்வர்களுக்குச் சான்றிதழ் முறையில் எப்படி நுழைகிறார்கள் என்று விவரமாக எழுதியது. அதே வருஷம் நெட்ஃப்ளிக்ஸ், சில நிமிஷமே செல்லும் சான்றிதழ்களைக் கொடுக்கும் தன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

சர்வரின் அடையாளத்துக்கும் இதே மருந்துதான். முதல் தடவை ஒரு சர்வருக்குப் போகும்போது "இதன் சாவி எனக்குத் தெரியாது, நம்பலாமா?" என்று திரையில் கேட்கும். படிக்காமல் "யெஸ்" அடிப்பது உலக வழக்கம். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் ஆர்.எஸ்.ஏ. சர்வர் சாவி தவறுதலாகச் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட, அவர்கள் அதை மாற்றினார்கள். பழைய சாவியை நினைவில் வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் "ஆபத்து!" என்று அலறின. சர்வருக்கும் சான்றிதழ் கொடுத்து, அந்த அதிகாரியை நம்பும்படி கம்ப்யூட்டர்களுக்குச் சொல்லி வைத்தால், சாவி மாறினாலும் சீல் அதேதான், அலறல் இல்லை.

சீல் கட்டையே திருடு போனால்?

கூட்டுக் குடும்பத்தில் சாவிக் கொத்து பாட்டியின் இடுப்பில் இருக்கும். வசதிதான். பாட்டி தூங்கும்போது யாராவது கொத்தை உருவிவிட்டால்? மைய நிர்வாகத்தின் பயம் அதுதான். 2011-ல் நெதர்லாந்தில் இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கிய டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். கூகிள் பெயரில் உள்பட 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் அங்கிருந்தே கிளம்பின. டச்சு அரசாங்கமே அவர்களுடைய வாடிக்கையாளர். செப்டம்பரில் நிறுவனம் திவால்.

ஆகவே கையெழுத்துச் சாவியை, வெளியே நகலெடுக்கவே முடியாத தனிக் கருவிக்குள் பூட்டி வைக்கிறோம். வங்கியின் பாதுகாப்பு அறையை இரண்டு அதிகாரிகள் சேர்ந்து திறப்பது போல, அதைத் தொட இருவர் வேண்டும். போட்ட கையெழுத்து ஒவ்வொன்றையும் வேறோர் இடத்தில் பதிவு செய்கிறோம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் படுத்துவிட்டது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய உள் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டிய எஞ்சினியர்கள் நுழையும் வழியும் அதே நெட்வொர்க் வழியாகத்தான்! ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. எனவே மையம் செத்தாலும் உள்ளே போக ஓர் அவசரச் சாவி, சீல் வைத்த உறையில், இருந்தே ஆக வேண்டும். வருஷம் இரண்டு தடவையாவது அது உண்மையில் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வீட்டின் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருப்பது தீப்பிடித்த அன்றைக்குத் தெரியக் கூடாது.

தம்பி தங்கைகளுக்கு

நீங்கள் இன்னும் சில வருஷத்தில் இந்த மாதிரி நிறுவனங்களுக்குள் போவீர்கள். முதல் நாளே சாவி செய்து கொடுக்கச் சொல்வார்கள். அப்போது "இது எப்போது காலாவதியாகும்? நான் போன பிறகு இதை யார் எடுப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களுக்கு அங்கே நல்ல வேலை ஒன்று காத்திருக்கிறது என்று அர்த்தம். சாவியை நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள். நிரல்களுக்குத் தனிச் சாவி செய்து, யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் கடையில் கொடுத்ததோடு மறந்துவிடும் வழக்கம் எங்கள் செட்டில் இருந்தது. உங்கள் செட்டிலும் இருக்கும். இன்று உலகம் முழுக்கப் பணப் பரிமாற்றத்திலிருந்து சர்வர் லாகின் வரை தாங்கி நிற்கும் ஒரு யோசனை, ஒரு மாணவர் பட்டத்துக்காகச் சமர்ப்பித்த ரிப்போர்ட்டில்தான் முதலில் இருந்தது. ஆகவே உங்களுடையதைக் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள்.

சீனியர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். வீட்டில் பழைய கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் இருந்தால், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். நீங்கள் எப்போதோ விட்டு வந்த அலுவலகத்தின் சாவி அதில் இருக்கக்கூடும். சந்திப்பு நாளில் நேரில் பார்ப்போம்.